ஐயாயிரம் தலை கேட்டவர்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். பழைய தலைவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதித் தரவேண்டுமாம். "டீச்சர், அந்தக் காலத்து ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அப்ப தலைவரா இருந்தவரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. போட்டோ எங்ககிட்ட இருக்கு, கீழ பேரைக் கொட்டை எழுத்துல போட்டுக்கறோம்" என்று ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று கேட்பீர்கள். படியுங்கள்.

ஆள் நல்ல உயரம். வெள்ளை ஜிப்பா, காலில் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும் தோல் செருப்பு. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பீடி குடிக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் யாரையும் சௌக்கியமா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "வீட்ல எத்தனை தலை?" என்றுதான் கேட்பார். தெரியாமல் கேட்பதில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது அவருக்கு மனப்பாடம். நாம் சரியாகச் சொல்கிறோமா என்று பார்ப்பார். மருமகள் மாசமாக இருக்கிற வீட்டில் "ஆறு" என்று சொன்னால் "ஆறரை" என்று திருத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது நானும் சிரித்திருக்கிறேன்.

ஐயாயிரம் தலை இருந்தால் ஊருக்கு டவுன் பஞ்சாயத்து அந்தஸ்து கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் எங்கள் ஊர் கொஞ்சத்தில் தவறிவிட்டது. அடுத்த கணக்கு பத்து வருஷம் கழித்து. அந்தப் பத்து வருஷமும் மனிதர் தலை சேர்க்கிற வேலையைத்தான் பார்த்தார். திருச்சியிலிருந்து முசிறி போகிற வழியில், ஒரு பக்கம் காவிரியும் மறு பக்கம் வாழையும் நெல்லுமாக இருந்த ஊர் அது. டவுன் என்று சொன்னால் அந்த வழியில் போகிற பஸ் டிரைவர்கூட நம்பமாட்டான். ஆனால் அவர் லெட்டர் பேப்பரில் 'டவுன்' என்பதற்கு முன்கூட்டியே இடம் விட்டு அச்சடித்து வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு வந்தால் முதலில் மாப்பிள்ளை எந்த ஊரோடு இருக்கப்போகிறார் என்று விசாரிப்பார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்குவார். பெண்ணை முசிறிக்கோ துறையூருக்கோ கட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் மொய்யை வைத்துவிட்டுக் கை நனைக்காமல் போய்விடுவார். பொன்மலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களைப் பஸ் நிறுத்தம் வரை வந்து மறிப்பார். "தினமும் பஸ்ல போயிட்டு வாங்களேன்யா. பாஸ் நான் எடுத்துத் தரேன். ராத்திரி படுக்கை மட்டும் இங்க இருக்கட்டும்" என்று கெஞ்சுவார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நிற்கும்.

தென்னூரிலிருந்து ஒரு டெய்லர் பாயைக் குடும்பத்தோடு கூட்டி வந்தது அவர்தான். கடைவீதியில் கடை பிடித்துக் கொடுத்து, பின்னாலேயே வீடும் பார்த்துக் கொடுத்தார். பாய், அவர் மனைவி, மாமியார், ஏழு பிள்ளைகள். வண்டியிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க இவர் விரல் விட்டு எண்ணினார். "ஒரே வண்டியில பத்து தலை!" என்று பாயைக் கட்டிக்கொண்டார். அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச ஒரு ஆபீசர் வந்தார். அவருக்கு மாலை போட்டு, வாழையிலை நிறையச் சாப்பாடு போட்டு, பேச விடாமலே மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர் விட்டுப்போன நோட்டீஸ்களில் இரண்டு மாசம் கடலை மடித்துக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் வேடிக்கைதான். நல்லதும் செய்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். தெரு விளக்கு அவர் கொண்டு வந்தது. குழாய் அவர் கொண்டு வந்தது. எது கொண்டு வந்தாலும் அதில் ஒரு கல் பதித்துத் தன் பெயரை வெட்டச் சொல்வார். மதகில் அவர் பெயர், பஸ் நிழற்குடையில் அவர் பெயர், ஆட்டுத்தொட்டியில்கூட அவர் பெயர். சுடுகாட்டில் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போட்டார், அங்கேயும் நெற்றியில் அவர் பெயர்தான்.

பிறந்தால் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றிவிடுவார். பிறப்பு இறப்புப் பதிவேடு அவர் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. கிளார்க்கைத் தொடவிடமாட்டார். செத்தால் மட்டும் எழுதுவதற்குக் கை வராது. "இருங்கப்பா, காரியம் முடியட்டும்" என்பார். காரியம் முடிந்து போனால் "தை பொறக்கட்டும்" என்பார். யாராவது செத்துப்போனால் தன்னிடம் சொல்லாமல் ஊரை விட்டுப் போனவர்கள் மேல் இருக்கிற அதே கோபம் அவர் முகத்தில் இருக்கும்.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்பாவுக்கு வாழையிலை வியாபாரம். விடியற்காலை இலை அறுத்துக் கட்டி திருச்சிக்கு அனுப்புவார். அக்கா ஒரு கட்டு இலையைக் கண்ணால் பார்த்தே எத்தனை கிழிசல் என்று சொல்வாள். வாய் ஜாஸ்தி. தலைவரையே "ஐயா, எங்க வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு, அதையும் சேத்துக்கறீங்களா?" என்று கேட்டவள். அவரும் சிரித்தார்.

அது ஐம்பத்தெட்டு. சித்திரை மாதம். சமயபுரம் தேருக்கு மேற்கேயிருந்து நடந்து போகிற ஜனம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அந்த நாலு நாளும் கடைவீதியில் சந்தை கூடும். தலைவர் நீர்மோர்ப் பந்தல் போட்டு, ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வார். பந்தலிலும் ஒரு துணியில் அவர் பெயர் இருக்கும். அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரைத்தான் பானைகளில் நிரப்பினார்கள். தேருக்கு ஒரு வாரம் முன்னாலேயே அரிசி மில்லில் ஒரு ஆளுக்கு வாந்தியும் பேதியும் கண்டு இரண்டு நாளில் செத்துப்போனான். அடுத்து டெய்லர் பாயின் மாமியார். காலரா என்று மில்காரருக்கே தெரிந்திருந்தது. தலைவரிடம் வந்து சொல்லியும் இருக்கிறார்.

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று தலைவருக்குத் தெரியும். திருச்சியிலிருந்து ஊசிக்காரர்கள் வருவார்கள். சந்தையை நிறுத்துவார்கள். ஊற்றை மூடுவார்கள். ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும், போனதில் பாதி திரும்பாது. கணக்கெடுப்புக்கு இன்னும் மூன்றே வருஷம். "வெயில் காலத்துல வயித்துப்போக்கு வர்றதுதான். மாங்காயைக் குறைங்க" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் செருப்புச் சத்தம் எங்கள் வீட்டு வாசலிலும் நின்றது. "ஏம்மா, பந்தலுக்கு வரலையா? நீ வந்து ஊத்தினாத்தான் கூட்டம் கலகலன்னு இருக்கும்" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா போனாள். இரண்டு நாள் மோர் ஊற்றினாள், தாகத்துக்கு அதையே குடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் படுத்தாள். பத்து மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். கண்டக்டர் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்றான். அப்போது தலைவர் தன்னுடைய வில் வண்டியை அனுப்பினார். சொந்த வண்டி, மெத்தை போட்டது. ஊரே புகழ்ந்தது. வண்டி எங்கள் வாசலுக்கு வந்ததும் வண்டிக்காரனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "சந்தை வழியா வேண்டாம்டா. கூட்டம் பாத்துச்சுன்னா கலைஞ்சிடும். வாய்க்கா மேட்டு வழியா போ."

சந்தை வழியாகப் போயிருந்தால் கால் மணியில் ரோடு ஏறியிருக்கலாம். வாய்க்கால் மேடு சுற்று வழி, குண்டும் குழியும். அம்மா மடியில் தலை, என் மடியில் கால். அக்கா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மதகில் அவர் பெயர் வெட்டியிருந்தது. வண்டி நின்றபோது என் கண்ணுக்கு நேரே அதுதான் இருந்தது. பட்டப்பகல். சந்தைப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது.

அந்த வருஷம் எங்கள் ஊரில் பதினோரு பேர் செத்தார்கள். செத்ததாகப் பதிவேட்டில் ஒருவர்கூட இல்லை. அப்பா எரித்துவிட்டு வந்து கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "கொட்டகையில அவரு பேரு பெருசா இருக்கு. நம்ம புள்ள பேரு எங்கேயுமே இல்ல" என்றார். அதற்கப்புறம் ஒரு மாசம் கழித்து அப்பாவே ஆபீசுக்குப் போய், பெயரை எழுதி, காரணத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். "எழுதலாம், எழுதலாம்" என்று பதில் வந்தது. இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை போகவில்லை.

நான் திருச்சியில் வாத்தியார் ட்ரெயினிங் முடித்தேன். வேறு எங்கேயாவது போய்விட வேண்டும் என்றுதான் படித்தேன். ஆனால் எனக்கு உள்ளூர்ப் பள்ளியிலேயே வேலை போட்டுக் கொடுத்தார் தலைவர். யார் யாரிடமோ பேசி வாங்கினாராம். "படிச்ச தலை ஊரை விட்டுப் போகக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னாராம். அவர் கையால் கிடைத்த சோற்றைத்தான் சாப்பிட்டேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு நன்றி கெட்டவள் என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஆபீசுக்குப் போனேன்.

"ஐயா, எங்க அக்கா பேரை எழுதணும்."

"எந்த அக்கா?" என்றார். அவருக்கு எல்லா வீட்டுத் தலையும் மனப்பாடம் என்று சொன்னேன் அல்லவா?

"காலரால போனாளே."

"வயித்துப்போக்கும்மா அது. இப்ப எதுக்கு? சொத்து விவகாரம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைங்க. அவ செத்தது எழுத்துல இருக்கணும்."

அவர் என்னை உட்காரச் சொன்னார். குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. எழுதாம இருந்தா அவ இருக்கற மாதிரிதான். எழுதினாத்தான் போவா. அவ இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். என் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷன் என் கையில் ஒரு நாள் அகப்படாமல் போகமாட்டார் என்று.

அகப்பட்டார். அறுபத்தொன்று பிறந்தது. கணக்கெடுக்கும் வேலையைப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு பகுதி. முசிறியில் எங்களுக்கு வகுப்பு எடுத்த சூப்பர்வைசர் கண்டிப்பானவர். "ஒரு ஆளுக்கு ஒரே சீட்டு. வழக்கமா எந்த வீட்ல தங்கறாங்களோ அந்த வீட்லதான் எழுதணும். சோறு எங்க தின்னாலும் சரி, சொத்து எங்க இருந்தாலும் சரி" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அப்போது எதற்கென்று தெரியாது.

தலைவர் எங்கள் ஏழு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு கேசரியும் காப்பியும் கொடுத்தார். ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். வீடு வாரியாகப் பெயர்கள், பதிவேட்டிலிருந்து எடுத்தது. "ஐயாயிரத்துக்கு மேல நாலே நாலு தலைதான் வருது. இதுல இருக்கறதுக்கு ஒண்ணும் குறையக் கூடாது. யாரையும் பொய் எழுதச் சொல்லல, ஆபீஸ்ல இருக்கறதைத்தான் எழுதச் சொல்றேன்" என்றார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். பட்டியலை நான் வீட்டில் வந்துதான் பிரித்தேன். என் பகுதியில் எங்கள் தெருவும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு நேரே நாலு பெயர். அப்பா, அம்மா, அக்கா, நான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னடி அது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று மடித்து வைத்தேன்.

மறுநாள் திரும்ப ஆபீசுக்குப் போனேன். இதை மறைக்காமல் சொல்கிறேன், நான் அவ்வளவு உத்தமி ஒன்றும் இல்லை. "ஐயா, உங்க பட்டியல் மொத்தத்தையும் எழுதித் தரேன். செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க, எல்லாரையும் எழுதறேன். எங்க அக்காவை மட்டும் பதிவேட்டுல இறந்ததா எழுதுங்க. காலரான்னு எழுதுங்க" என்றேன். ஒரு பெயருக்கு நாற்பது பொய் எழுதத் தயாராக இருந்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "ஒருத்தி பேரை எழுதினா மீதி பத்து வீடும் வந்து நிக்குமேம்மா. அப்புறம் எனக்குத் தலைக்கு எங்க போறது?" என்றார்.

அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. மாசி வெயிலில் குடையோடு வீடு வீடாகப் போனேன். பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இருக்கிற ஆளை மட்டும் எழுதினேன். பட்டியலில் இருந்த மில் வேலையாள் இல்லை. பாய் வீட்டில் மாமியார் இல்லை. எங்கள் வீட்டில் மூன்றே சீட்டு எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

என் பகுதியில் கடைசி வீடு தலைவர் வீடு. அவர் ஆபீசில் இருந்த நேரம் பார்த்துப் போனேன். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷி. மோர் கொண்டு வந்து வைத்தார். நான் தொடவில்லை. மூன்று வருஷமாக நான் வெளியில் மோர் குடிப்பதில்லை.

"இந்த வீட்ல வழக்கமா தங்கறவங்க யார் யாரு அத்தை?"

"நானு. பையன், மருமக. பேரப் பிள்ளைங்க ரெண்டு." அத்தோடு நிறுத்திவிட்டார்.

"மாமா?"

அத்தை என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். "எழுதறதுக்குத்தான் கேக்கறியா பாப்பா?"

"ஆமா அத்தை. வழக்கமா ராத்திரி எங்க தங்கறாங்களோ அங்கதான் எழுதணும்னு சட்டம்."

தலைவருக்கு ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வீடு உண்டு. ஊருக்கே தெரியும். டெய்லர் பாய் இரண்டு அளவில் ரவிக்கை தைத்துக் கொடுப்பார், ஒன்றை இங்கே தருவார், ஒன்றைத் தானே ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு அளவையும் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. மற்றவர்களும் திறந்ததில்லை. ராத்திரி படுக்கை மட்டும் இங்க இருக்கட்டும் என்று ஊராரிடம் கெஞ்சியவரின் படுக்கை எங்கே இருந்தது என்பது எனக்கும் தெரிந்துதான் கேட்டேன்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். "எட்டு வருஷமா சாப்பிட்டுக் கை கழுவினதும் கடைசி பஸ்ஸு. விடிஞ்சதும் மொத பஸ்ஸு. இந்த வீட்ல அவங்க பாய் விரிச்சு எட்டு வருஷமாச்சு. யாரும் என்கிட்ட கேட்டதில்ல. நீ கேட்டுட்ட. எழுதிக்க" என்றார்.

ஐந்து சீட்டு எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அதை அழகு பண்ண எனக்கு இஷ்டமில்லை.

விஷயம் இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கணக்கை முடிக்கவேண்டிய மார்ச் முதல் தேதிக்கு முன்னால் ஒரு பகல், மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"என் சீட்டு எங்கம்மா?"

"இங்க இல்லைங்க. ஸ்ரீரங்கத்துல எழுதியிருப்பாங்க."

"நான் இந்த ஊருக்குத் தலைவர்! இந்த ஊர்க் கணக்குல நான் இல்லையா?"

"ஒரு ஆளுக்கு ஒரே சீட்டுன்னு சட்டங்க. அங்க பேரை அடிச்சுட்டு வாங்க, இங்க எழுதறேன்."

அன்றைக்கே ஸ்ரீரங்கம் போயிருக்கிறார். அங்கே நடந்ததை டெய்லர் பாய் பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்த வீட்டு அம்மாள் கணக்கெடுக்க வந்தவரை உட்கார வைத்து, குடும்பத் தலைவர் என்று இவர் பெயரைச் சொல்லி, அதற்கு நேரே மனைவி என்று தன் பெயரையும் எழுத வைத்திருந்தாளாம். இவர் அடிக்கச் சொன்னதும், "இத்தனை வருஷத்துல எனக்குன்னு எழுத்துல கிடைச்சது இது ஒண்ணுதான். அடிக்க விடமாட்டேன். மீறினா உங்க ஊருக்கே வந்து உங்க ஆபீஸ் வாசல்ல நிப்பேன்" என்றாளாம். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் திறக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். அக்குளில் பதிவேடு. கிளார்க்கைக்கூடத் தொடவிடாத அந்தப் பதிவேட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். ஜிப்பா கசங்கியிருந்தது. சவரம் செய்திருக்கவில்லை.

"உன் அக்கா பேரைச் சொல்லும்மா. இப்பவே எழுதறேன். காலரான்னே எழுதறேன். மத்த பத்து பேரையும் எழுதச் சொன்னாலும் எழுதறேன். டவுன் வராட்டியும் போகட்டும். என்னை மட்டும் என் ஊர்ல எழுதிக்க."

மூன்று வருஷமாகக் கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இங்க் காயாத பேனா, காலியாக ஒரு வரி. ஒரு பெயரைச் சொன்னால் போதும். அக்காவின் பெயர் என் நாக்கில்தான் இருந்தது. அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எழுத்தில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அந்த முகத்துக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. அது நன்றாகத் தெரியட்டும், சாகும் வரை தெரியட்டும் என்று தோன்றிவிட்டது.

"எழுதாம இருந்தா அவ இருக்கற மாதிரின்னு நீங்கதான ஐயா சொன்னீங்க? இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

என் சீட்டுகளுக்கும் அவற்றோடு நான் சேர்த்துக் கொடுத்த தலைவரின் பட்டியலுக்கும் வித்தியாசம் இருந்ததால் சூப்பர்வைசர் மற்ற ஆறு பகுதிகளையும் திரும்ப எண்ண வைத்தார். செத்தவர்களும் போனவர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஐயாயிரம் வரவில்லை. 'டவுன்' என்று அச்சடிக்க விட்ட இடம் காலியாகவே நின்றது. அடுத்த தேர்தலில் எதிராளிகள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: ஊரில் குடியிருக்காத ஆளுக்கு ஊரில் என்ன வேலை? தோற்றுப்போனார். அத்தையும் கதவைத் திறக்கவில்லை என்று கேள்வி. ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்ரீரங்கத்துக்கே போய்விட்டார்.

அவர் போன அன்றைக்கு நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். எத்தனை பேரை அவர் மறித்துக் கெஞ்சிய இடம் அது. அவரைப் போகாதே என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை. தன் பெயர் வெட்டிய நிழற்குடையின் கீழ் தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் சிரித்தார்.

"ஊருக்கு ஒரு தலை குறையுதும்மா" என்றார்.

"உங்களை நாங்க சேக்கவே இல்லையே" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிப் போனார். சில வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்தில் காலமானதாகச் சொன்னார்கள். அங்கே முறைப்படி பதிவாகியிருக்கும்.

மனசு ஆறியதா என்று கேட்பீர்கள். அவர் விஷயத்தில் ஆறியது, நன்றாகவே ஆறியது. ஆனால் அன்று காலை பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனார். அம்மா மட்டும் கேட்டாள். "எழுதறேன்னு வந்தவரைத் திருப்பி அனுப்பிச்சியா? உன் கோவத்துக்கு அவ பேரை எடுத்துக்கிட்டியாடி?" அடுத்து வந்த தலைவரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் ஆனதற்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும், சாட்சி வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். டாக்டர் வரை அவள் போய்ச் சேரவே இல்லை. அவர் எழுதவில்லை, எழுத வந்தபோது நான் விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவளை எழுத்தில் இல்லாமல் செய்தோம்.

மலருக்குக் கேட்டவரே, போட்டோவைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார். அவர் பெயர் கல்லில் நிறைய இருக்கிறது, என் கையால் இன்னொன்று வேண்டாம். போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட இடம் விட்டிருப்பீர்களே, அந்த இடத்தில் இதைப் போடுங்கள்.

பெயர்: தனலட்சுமி. தகப்பனார் தொழில்: வாழையிலை வியாபாரம். வயது: பத்தொன்பது. இறந்த இடம்: வாய்க்கால் மேடு. காரணம்: காலரா.